தோற்றவர்கள் தொடங்கிய நாள்

மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. ஆனால் அந்தத் தேதியில் அங்கே யாருக்கும் சுதந்திரம் கிடைத்ததில்லை. 1810ஆம் ஆண்டு அன்று விடியற்காலையில் ஒரு சின்ன ஊரின் பாதிரியார் கோயில் மணியை அடித்து ஆட்களைக் கூட்டினார், அவ்வளவுதான். பத்து மாதம் கழித்து அவரைச் சுட்டுக் கொன்று, தலையைத் தனியே வெட்டி எடுத்துப் போனார்கள். ஸ்பெயினின் ஆட்சி முடிந்து புதிய படை தலைநகருக்குள் நுழைந்தது 1821 செப்டம்பர் 27இல். அப்படியென்றால் 27ஐத்தானே கொண்டாட வேண்டும்?

முன்பு என்னோடு வேலை பார்த்த குவானஹுவாதோ மாநிலத்துக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "27ஆம் தேதி அந்த ஆளோட பிறந்தநாள். அதுக்கு நாங்க ஏன் வெடி வெடிக்கணும்?" என்று சிரித்தார். அந்த ஆள் அகுஸ்தீன் தே இதுர்பிதே. மெக்சிகோவை ஸ்பெயினிடமிருந்து கடைசியாகப் பிரித்தெடுத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் சுதந்திரம் கேட்டவர்களை ஆண்டுக்கணக்கில் வேட்டையாடியவரும் அவர்தான். மெக்சிகோ விடுதலைப் போரைப் பற்றி நான் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்த முடிச்சு பிடிபடாததால்தான்.

அந்த நாட்டுக்கு அப்போது புதிய ஸ்பெயின் என்று பெயர். அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் 1521 ஆகஸ்ட் 13இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தெஸ் கையில் விழுந்தது. அங்கிருந்து எண்ணினால் ஸ்பானிய ஆட்சிக்கு முந்நூறு வயது. ஸ்பெயின் அவ்வளவு காலம் பிடியை விடாததற்கு முதல் காரணம் வெள்ளி. சகதேகாஸ், குவானஹுவாதோ சுரங்கங்களில் தோண்டிய வெள்ளி மெக்சிகோ நகர நாணயச் சாலையில் பேசோ காசாக மாறி, ஒரு பக்கம் வெராக்ரூஸ் துறைமுகம் வழியாக ஸ்பெயினுக்குப் போனது. இன்னொரு பக்கம் அகபுல்கோவில் கப்பலேறி மணிலாவுக்குப் போனது. மணிலா சந்தையில் சீனப் பட்டும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணிகளும் இந்தக் காசுக்குத்தான் கைமாறின. உலகத்தின் பெரும்பகுதி வியாபாரம் மெக்சிகோ வெள்ளியில் நடந்த காலம் அது.

அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் நிலை வேறு. 1803இல் அங்கே போன ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், ஏற்றத்தாழ்வுக்கென்றே ஒரு நாடு உண்டென்றால் அது இதுதான் என்கிற கருத்தில் எழுதினார். மொத்த மக்கள் சுமார் 60 லட்சம். அதில் ஸ்பெயினிலேயே பிறந்து கப்பலேறி வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான், ஆனால் பெரிய பதவிகள் எல்லாம் அவர்களுக்கு. மக்கள் அவர்களைக் கச்சுப்பீன்கள் என்று கரித்துக்கொட்டுவார்கள். அதே ஸ்பானிய ரத்தமாக இருந்தும் மெக்சிகோவில் பிறந்துவிட்டால் கிரியோயோ, ஒரு படி கீழே. அதற்கும் கீழே கலப்பினத்தவர், பழங்குடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே ரத்தத்தின் தரம் எழுதப்படும். பழங்குடிகள் தலைவரி கட்ட வேண்டும்.

இத்தனையும் முந்நூறு ஆண்டு தாங்கியது. அப்புறம் ஏன் 1810இல் வெடித்தது? ஸ்பெயின் ஐரோப்பியச் சண்டைகளுக்குப் பணம் இல்லாமல் தவித்தபோது, 1804இல் ஓர் ஆணை போட்டது. மெக்சிகோவில் கடன் கொடுக்கும் வேலையைப் பெரும்பாலும் தேவாலயமே செய்துவந்தது. பண்ணைக்காரர், சுரங்கக்காரர், சின்ன வியாபாரி எல்லோரும் அதனிடம் வாங்கி, வட்டி மட்டும் கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஓட்டியவர்கள். அந்தக் கடன்களின் அசல் தொகையை வசூலித்து அரசனுக்கு அனுப்பு என்றது ஆணை. நிலம் வைத்திருந்த கிரியோயோக்களின் அடிமடியில் கை வைத்தாயிற்று. பிறகு 1808இல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்து அரசன் ஏழாம் பெர்னாந்தோவைப் பிடித்துவைத்துக்கொண்டு தன் அண்ணனை அரியணையில் உட்காரவைத்தான்.

அரசனே இல்லை என்றால் அதிகாரம் யாருடையது? மெக்சிகோ நகர சபையின் வழக்கறிஞர் பிரீமோ தே வெர்தாத், அது மக்களிடம் திரும்பி வந்துவிட்டது என்று வாதாடினார். துணையரசர் இதுரிகாராயும் அந்தப் பக்கம் சாய்வதுபோல் தெரிந்தது. 1808 செப்டம்பர் 15 இரவு, ஸ்பானிய வியாபாரிகள் காப்ரியேல் தே யெர்மோ என்பவர் தலைமையில் அரண்மனைக்குள் புகுந்து துணையரசரைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கைது செய்தார்கள். வெர்தாத் சில நாளில் சிறையிலேயே செத்துப்போனார். எனக்கு இந்த இரவு முக்கியமாகப் படுகிறது. சட்டப்படி பேசித் தீர்க்கலாம் என்ற வழியை அடைத்தவர்கள் கலகக்காரர்கள் இல்லை; சட்டமும் ஒழுங்கும் பேசிய ஸ்பானியர்களே. அதற்குப் பிறகு பேச விரும்பியவர்கள் எல்லாம் ரகசியமாகத்தான் பேசினார்கள்.

அப்படிப் பேசிய கூட்டங்களில் ஒன்று கெரேதாரோ நகரத்தில், இலக்கிய வட்டம் என்ற போர்வையில் கூடியது. இக்னாசியோ அயெந்தே, ஹுவான் அல்தாமா போன்ற கிரியோயோ ராணுவ அதிகாரிகள், நகர நீதி அதிகாரியின் மனைவி ஹோசெஃபா ஓர்திஸ், தொலோரெஸ் ஊர்ப் பாதிரியார் மிகேல் இதால்கோ. திட்டம் கசிந்துவிட்டது. சந்தேகத்துக்குரியவர்களைப் பிடிக்க வேண்டிய பொறுப்பு ஹோசெஃபாவின் கணவருடையது. அவர் கிளம்பும்போது மனைவியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். அந்த அம்மாள் செருப்புக் குதிகாலால் தரையைத் தட்டி, கீழே குடியிருந்த சிறைக் காவலர் இக்னாசியோ பேரெஸைக் கூப்பிட்டு, கதவு வழியாகவே செய்தியைச் சொல்லி அனுப்பினார் என்பார்கள். பேரெஸ் குதிரையேறிப் போய் அல்தாமாவிடம் சொல்ல, அல்தாமா ராத்திரியோடு ராத்திரியாகத் தொலோரெஸுக்குப் போய் இதால்கோவை எழுப்பினார்.

இதால்கோவுக்கு அப்போது 57 வயது. பண்ணை மேலாளர் ஒருவரின் மகன். வயாதொலீத் நகரத்துச் சான் நிக்கோலாஸ் கல்லூரியின் தலைவராக இருந்தவர், மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் நரி. பிரெஞ்சுப் புத்தகம் படிப்பார், சூதாடுவார், பிள்ளைகளும் உண்டு. பாதிரியாருக்கு இது எதுவும் ஆகாது என்று மதவிசாரணை மன்றத்தில் ஏற்கெனவே புகார் போயிருந்தது. தொலோரெஸில் பூசை வேலையைப் பெரும்பாலும் துணைப் பாதிரியாரிடம் விட்டுவிட்டு, மண்பாண்டச் சூளை, தோல் பதனிடும் பட்டறை, பட்டுப்புழு, தேனீ, திராட்சை என்று ஊர்க்காரர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒத்தொமி பழங்குடி மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசுவார்.

செப்டம்பர் 16 ஞாயிற்றுக்கிழமை. சந்தைக்கும் பூசைக்கும் வந்தவர்கள் முன்னால் அவர் என்ன பேசினார் என்பதை யாரும் அப்போதே எழுதி வைக்கவில்லை. பிற்பாடு சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள். குவாதலூப் மாதா வாழ்க, மோசமான அரசாங்கம் ஒழிக, கச்சுப்பீன்கள் ஒழிக என்பதெல்லாம் பொதுவாக வருகிறது. பெர்னாந்தோ அரசன் வாழ்க என்றும் கத்தினார்கள். சுதந்திரப் பிரகடனம் என்று இன்று கொண்டாடுகிற பேச்சில் ஸ்பானிய அரசனுக்கே வாழ்த்து! இப்போது ஆண்டுதோறும் 15ஆம் தேதி இரவு 11 மணிக்கு அதிபர் மாளிகை மாடத்தில் நின்று அதே தொலோரெஸ் மணியை அடித்து முழக்கமிடும்போது யாரும் பெர்னாந்தோவைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு அதிபரும் தனக்குப் பிடித்த ஒரு "வாழ்க"வைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

வழியில் அதொதொனில்கோ கோயிலில் குவாதலூப் மாதா படத்தை எடுத்துக் கொடியாகக் கட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு அது அயெந்தே திட்டமிட்ட ராணுவக் கலகமாக இல்லை. மண்வெட்டியும் கவணும் ஈட்டியும் தூக்கிக்கொண்டு, மனைவி மக்களோடு, ஆடு கோழியோடு கிளம்பிய ஜனக்கூட்டம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் அந்தப் பகுதியில் வறட்சி, மக்காச்சோளம் பல மடங்கு விலை ஏறியிருந்தது. பசித்தவர்கள் பல்லாயிரமாகச் சேர்ந்தார்கள்.

செப்டம்பர் 28ஆம் தேதி குவானஹுவாதோ. வெள்ளியில் மிதந்த ஊர். மாவட்ட ஆட்சியர் ரியான்யோ நல்ல நிர்வாகி, இதால்கோவுக்குப் பழக்கமானவரும்கூட. ஆனால் அவர் எடுத்த முடிவு ஊரையே அவருக்கு எதிராகத் திருப்பியது. நகரத்தைக் காக்க முடியாது என்று கணக்குப் போட்டு, ஸ்பானியர்களையும் அவர்கள் குடும்பங்களையும் அரசாங்க வெள்ளியையும் அழைத்துக்கொண்டு அல்ஓந்திகா என்ற பெரிய தானியக் கிடங்குக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். கட்டி முடித்து ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்த கல் கோட்டை மாதிரியான கட்டடம். பஞ்சகாலத்தில் ஊருக்குச் சோளம் வைத்திருக்கக் கட்டிய இடத்துக்குள் பணக்காரர்கள் உட்கார்ந்து வெளியே நிற்கும் பசித்தவர்களைச் சுட்டால் என்ன ஆகும்? சுரங்கத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் கலகக்காரர்களோடு சேர்ந்துவிட்டார்கள். ரியான்யோ தொடக்கத்திலேயே குண்டடி பட்டுச் செத்தார். பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் ஒரு கல் பலகையைக் கட்டிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே ஊர்ந்து போய்க் கதவுக்குத் தீ வைத்தான் என்பது கதை. அப்படி ஒருவன் இருந்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஊருக்கு மேலே மலையில் அவனுக்குப் பிரம்மாண்டமான சிலை மட்டும் நிற்கிறது.

கதவு எரிந்த பிறகு நடந்தது படுகொலை. உள்ளே இருந்த ஸ்பானியர்களில் பெரும்பாலோரைக் கொன்று துணியை உருவிக்கொண்டார்கள். பிறகு ஊரைக் கொள்ளையடித்தார்கள். அந்த நாளைத் தன் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் லூகாஸ் அலமான் என்ற 17 வயதுப் பையன். சுரங்க வசதி படைத்த கிரியோயோ குடும்பம். அவன் பிற்காலத்தில் அமைச்சரானான், மெக்சிகோ விடுதலைப் போரின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதினான். அந்தப் போரைப் பற்றிப் பின்னால் எழுதிய எவரும் அலமானைத் தாண்டிப் போக முடியாது. திட்டுவதற்காவது அவரிடம் வந்தாக வேண்டும். ஏழை மக்கள் ஆயுதம் எடுத்தால் என்ன ஆகும் என்ற பயம் அவர் எழுத்தில் கடைசிவரை போகவே இல்லை. அவருக்கு மட்டுமா? கச்சுப்பீன்களை வெறுத்த கிரியோயோக்களில் பாதிப் பேர் அன்றே மனம் மாறிவிட்டார்கள். பத்து ஆண்டுக்கு அரசனின் படையில் சண்டை போட்டவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலேயே பிறந்தவர்கள் என்பதை மறந்துவிட்டால் இந்தப் போர் புரியாது.

அக்டோபர் 30இல் தலைநகருக்குப் பக்கத்து மலையில், மோந்தே தே லாஸ் குரூசெஸில் இதால்கோவின் கூட்டம் அரசப் படையை வென்றது. கீழே மெக்சிகோ நகரம், எட்டிப் பிடிக்கும் தூரம். இதால்கோ திரும்பிவிட்டார். அயெந்தே கொதித்தார். வெடிமருந்து தீர்ந்துவிட்டது, அரசப் படைத் தளபதி காயெஹாவின் படை பின்னால் வந்துகொண்டிருந்தது என்று காரணங்கள் சொல்வார்கள். குவானஹுவாதோவை நூறு மடங்கு பெரிதாக மறுபடி பார்க்க அந்த மனிதருக்குத் துணிவில்லை என்பது என் ஊகம். அன்றைய சண்டையில் தோற்ற அரசப் படையில் ஓர் இளம் அதிகாரி இருந்தார்: 27 வயது இதுர்பிதே.

பிறகு எல்லாம் சரிவுதான். ஆனால் அந்தச் சரிவில்தான் குவாதலஹாராவில் டிசம்பர் 6ஆம் தேதி அந்த ஆணை வந்தது: அடிமை வைத்திருப்பவர்கள் பத்து நாளுக்குள் விடுதலை செய்ய வேண்டும், மீறினால் மரண தண்டனை, பழங்குடிகளின் தலைவரி ரத்து. அதே ஊரில், அதே வாரங்களில், பிடிபட்ட ஸ்பானியர்களை இரவில் ஊருக்கு வெளியே கூட்டிப்போய்க் கொல்வதற்கும் இதால்கோ அனுமதி கொடுத்தார். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி அவரை மகாத்மா ஆக்கவோ அரக்கன் ஆக்கவோ எனக்கு இஷ்டமில்லை. 1811 ஜனவரி 17இல் கால்தெரோன் பாலத்தில் வெடிமருந்து வண்டி வெடித்துப் படை சிதறியது. மார்ச்சில் வடக்கே ஓடும்போது துரோகத்தால் பிடிபட்டார்கள். ஜூலை 30இல் சிவாவா நகரில் இதால்கோவைச் சுட்டார்கள். அவர், அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய நால்வரின் தலைகளையும் குவானஹுவாதோவுக்குக் கொண்டுவந்து அதே அல்ஓந்திகாவின் நான்கு மூலைகளில் கூண்டில் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே கிடந்தன.

எனக்குப் பிடித்த ஆள் அடுத்தவர். ஹோசே மரியா மோரேலோஸ் 1765இல் வயாதொலீதில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். ஆப்பிரிக்க, பழங்குடி, ஸ்பானிய ரத்தம் கலந்தவர். இளமையில் கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி மலைப்பாதைகளில் ஓட்டியவர். 25 வயதில்தான் படிக்கப் போனார், அப்போது கல்லூரித் தலைவர் இதால்கோ. படித்து முடித்தவருக்குக் கிடைத்தது கராக்குவாரோ என்ற வெக்கை பிடித்த ஏழை ஊரின் பங்கு. 1810 அக்டோபரில் இதால்கோவைத் தேடிப்போய், படைக்குக் குருவாக வருகிறேன் என்றார். தெற்கே போய் அகபுல்கோவைப் பிடி என்று அனுப்பினார் இதால்கோ. இருபது சொச்சம் ஆட்களோடு கிளம்பினார்.

மோரேலோஸ் கூட்டம் சேர்க்கவில்லை. துப்பாக்கி இருக்கிற அளவுக்கே ஆள் எடுத்தார், மற்றவர்களை வயலுக்குத் திருப்பி அனுப்பினார். கழுதை ஓட்டிய காலத்தில் தெரிந்த ஒவ்வொரு கணவாயும் ஓடையும் அவருக்குப் போர் வரைபடம். 1812இல் குவாவுத்லா என்ற சிற்றூரில் காயெஹா அவரை முற்றுகையிட்டார். 72 நாள். பல்லி, தோல், மரப்பட்டை என்று கிடைத்ததைத் தின்று தாக்குப்பிடித்து, மே 2 அதிகாலை இருட்டில் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வாஹாகா நகரம், அடுத்த ஆண்டு அகபுல்கோ கோட்டை.

ஆனால் அவரை நான் மதிப்பது 1813 செப்டம்பர் 14க்காக. சில்பன்சிங்கோ என்ற ஊரில் மக்கள் பிரதிநிதிகளின் மாநாட்டைக் கூட்டி, 23 அம்சங்கள் கொண்ட ஒரு கோரிக்கையை வாசிக்கச் செய்தார். ஸ்பெயினிலிருந்தும் வேறெந்த நாட்டிலிருந்தும் முழுச் சுதந்திரம் என்பது முதல் அம்சம்; பெர்னாந்தோ பேச்சே இல்லை. அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிக்கப்படும், சாதிப் பிரிவுகளும் ஒழிக்கப்படும், அமெரிக்க மண்ணில் பிறந்த ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரித்துக் காட்ட குணமும் குற்றமும் மட்டுமே போதும். சித்திரவதை கூடாது. செல்வத்தின் கொழுப்பையும் வறுமையையும் ஒருசேரக் குறைக்கும் சட்டங்கள் வேண்டும், ஏழையின் கூலி உயர வேண்டும். கத்தோலிக்கம் தவிர வேறு மதத்துக்கு இடமில்லை என்றும் அதில் இருக்கிறது, அவரும் அந்தக் காலத்துப் பாதிரியார்தானே. மாநாடு அவருக்கு மேதகு பட்டம் தந்தபோது மறுத்து, தேசத்தின் ஊழியன் என்று மட்டும் அழைக்கச் சொன்னார்.

கடைசி அம்சம், 23ஆவது, இப்படிச் சொல்கிறது: சுதந்திரக் குரல் எழுந்த செப்டம்பர் 16ஐ ஆண்டுதோறும் கொண்டாட வேண்டும், இதால்கோவையும் அயெந்தேவையும் நினைவுகூர வேண்டும். என் முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான். அந்த நாளை ஜெயித்தவர்கள் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த ஆண்டு உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள் குறித்துவைத்த தேதி அது.

இருக்கவும் இல்லை. அந்த டிசம்பரில் மோரேலோஸ் தன் சொந்த ஊரான வயாதொலீதைப் பிடிக்கப் போனார். அங்கே அவரை அடித்து விரட்டியவர்களில் முதன்மையானவர் அதே ஊரில் பிறந்த இதுர்பிதே. அதன் பிறகு எழவே முடியவில்லை. மாநாடு அவரிடமிருந்து அதிகாரத்தைப் பறித்துக்கொண்டது, அவர் ஒன்றும் சொல்லவில்லை. 1814இல் அபாத்சிங்கானில் ஓர் அரசியல் சாசனமும் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, தன் அதிகாரத்தைப் பறித்த அதே பிரதிநிதிகளுக்குக் காவலாகப் போகும்போது, அவர்கள் தப்பிக்கத் தான் பின்தங்கிச் சண்டையிட்டுப் பிடிபட்டார். மதவிசாரணை மன்றம் அவருடைய பாதிரி அங்கியை உரிந்தது. 1815 டிசம்பர் 22இல் எகாதெபெக்கில் சுட்டார்கள். இன்று அவர் பிறந்த ஊரின் பெயர் மொரேலியா. வயாதொலீத் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த ஐந்து ஆண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மன்னிப்பு வாங்கிக்கொண்டு பலர் வீடு திரும்பினார்கள். தெற்கு மலைகளில் விசென்தே குரேரோ மட்டும் விடாமல் நின்றார். அவரும் கோவேறு கழுதை ஓட்டியவர், ஆப்பிரிக்க வம்சாவளி. அரசப் பக்கம் இருந்த அவருடைய அப்பாவையே சமாதானத் தூது அனுப்பினார்கள். அப்பாவை மதிக்கிறேன், ஆனால் நாடுதான் முதலில் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம்.

1820இல் ஸ்பெயினில் ஒரு ராணுவக் கலகம் நடந்து, காதிஸ் நகரில் எழுதிய தாராளவாத அரசியல் சாசனத்தை அரசன் ஏற்க வேண்டிவந்தது. மெக்சிகோவின் ஆயர்களுக்கும் தளபதிகளுக்கும் பெரும் பண்ணைக்காரர்களுக்கும் கிலி பிடித்தது. தேவாலயச் சொத்து போய்விடும், ராணுவத்தின் தனி நீதிமன்றம் போய்விடும். ஸ்பெயினே இப்படிக் கெட்டுப்போனால் ஸ்பெயின் எதற்கு? பத்து ஆண்டு எதை ரத்தத்தில் முக்கினார்களோ அதையே இப்போது அவர்களே கேட்டார்கள். ஊழல் புகாரில் பதவி இழந்து கிடந்த இதுர்பிதே குரேரோவை ஒழிக்க அனுப்பப்பட்டார். சில மோதல்களில் குரேரோ ஆட்களிடம் அடிவாங்கிய பிறகு கடிதம் எழுத ஆரம்பித்தார். 1821 பிப்ரவரி 24இல் இகுவாலா திட்டம்: கத்தோலிக்க மதம், சுதந்திரம், ஸ்பானியரும் மெக்சிகோவினரும் ஒன்று. இந்த மூன்று உறுதிகளுக்குத்தான் மெக்சிகோ கொடியில் வெள்ளை, பச்சை, சிவப்பு. அதன் 12ஆவது பிரிவு ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், பழங்குடி என்ற பேதமின்றி எல்லோரும் குடிமக்கள் என்றது. குரேரோ இல்லாமல் அந்த வரி வந்திருக்காது என்பது பலருடைய கருத்து, எனக்கும் அதுவே.

ஆகஸ்டில் ஸ்பெயினிலிருந்து வந்த கடைசி அதிகாரி ஒதொனொஹு, கோர்தொபாவில் ஒப்பந்தம் போட்டார். செப்டம்பர் 27, தன் 38ஆவது பிறந்தநாளில், இதுர்பிதே குதிரையேறி மெக்சிகோ நகரத்துக்குள் நுழைந்தார். மறுநாள் சுதந்திர ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆயர், பிரபுக்கள், நேற்றுவரை அரசனுக்கு ஊழியம் செய்த அதிகாரிகள். பதினோரு ஆண்டு மலையில் கிடந்த குரேரோவின் கையெழுத்து அதில் இல்லை. அடுத்த ஆண்டு இதுர்பிதே பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். தரையைத் தட்டிப் போரைத் தொடங்கிவைத்த ஹோசெஃபா ஓர்திஸைப் பேரரசியின் தோழிப் பெண்ணாக வரச் சொன்னார்கள். சிறையில் ஆண்டுகளைக் கழித்திருந்த அந்த அம்மாள் முடியாது என்று சொல்லிவிட்டார். சிம்மாசனம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. நாடு கடத்தப்பட்டவர் 1824இல் திரும்பி வந்தபோது பதீயா என்ற ஊரில் சுட்டுவிட்டார்கள். நாடாளுமன்றச் சுவரில் பொன்னெழுத்தில் இருந்த அவர் பெயரை 1921இல், சரியாகச் சுதந்திர நூற்றாண்டில், அழித்தார்கள். கொடியின் மூன்று நிறத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

27க்குப் பதில் 16 என்பது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். 27இல் ஆட்சி கைமாறியது. யாருடைய நிலமும் கூலியும் மாறவில்லை. 16இல் கிளம்பியவர்கள் கேட்டதில் பெரும்பகுதியை 1821 கொடுக்கவில்லை. அதனால் கேட்ட நாளைக் கொண்டாடுகிறார்கள்.

குரேரோ 1829இல் அதிபரானார். இதால்கோ ஆணையிட்டதையும் மோரேலோஸ் எழுதியதையும் அந்த செப்டம்பரில் சட்டமாக்கினார்: நாடு முழுக்க அடிமைமுறை ஒழிந்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே அவரைக் கவிழ்த்தார்கள். பிகாலுகா என்ற ஜெனோவாக் கப்பல் தலைவன் அகபுல்கோவில் விருந்துக்கு அழைத்து, கப்பலிலேயே பிடித்துக் கொடுத்தான். 50,000 பேசோ கூலி. 1831 பிப்ரவரி 14இல் வாஹாகாவுக்குப் பக்கத்தில் குயிலாபானில் குரேரோவைச் சுட்டுக் கொன்றது அரசாங்கம். அந்த அரசாங்கத்தின் மிக வலுவான அமைச்சர் யார்? குவானஹுவாதோவில் வீட்டிலிருந்து படுகொலையைப் பார்த்த பையன், லூகாஸ் அலமான்.

அதே 1831இல் அலமானுக்கு இன்னொருவரோடும் தகராறு வந்தது. லியோனா விகாரியோ மெக்சிகோ நகரத்துப் பணக்காரப் பெண். தாய் தந்தை இல்லாதவர். போர்க்காலத்தில் தன் சொத்தை விற்றுக் கலகக்காரர்களுக்குத் துப்பாக்கி செய்யப் பணம் கொடுத்தவர், தலைநகர்ச் செய்திகளைச் சங்கேதத்தில் எழுதி அனுப்பியவர். பிடிபட்டு, ஒரு பெயரையும் காட்டிக்கொடுக்காமல், காவலிலிருந்து தப்பி மலைக்குப் போனார். சொத்தை அரசு ஏலம் விட்டது. முதல் குழந்தையை ஒரு குகையில் பெற்றெடுத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நஷ்ட ஈடாக அவருக்குச் சொத்து கொடுத்தது. அலமான் தரப்பு இதைக் கிண்டல் செய்தது: அந்த அம்மாள் போனது நாட்டுக்காகவா, காதலன் குயிந்தானா ரோவின் பின்னால்தானே?

லியோனா செய்தித்தாளில் பதில் எழுதினார். பெண்கள் எதைச் செய்தாலும் காதல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள் அமைச்சரே, எங்களுக்கும் தேசத்தின் விடுதலை மீது ஆசை வரும் என்றார். என் செயலும் கருத்தும் எப்போதும் என்னுடையவை, நான் நேசித்தவர்கள் உட்பட யாருடைய சொல்லும் அதில் கலந்ததில்லை என்றார். குரேரோவைச் சுட்ட சில வாரங்களிலேயே, அவரைச் சுட்ட அரசாங்கத்தின் அமைச்சருக்கு, பெயர் போட்டுக் கையெழுத்திட்டு அவர் எழுதிய கடிதம் அது.